5 வயதைத் தாண்டிய குழந்தைக்குக் குடல் செருகல், உள்ளே கருத்த கட்டி: அடுத்து எந்த ஸ்கேன்?

நிழற்படம் எழுதியது:

பொது ரேடியாலஜி பார்க்கிறவர்களுக்கு அவ்வப்போது வந்து நிற்கும் சிக்கல் இது. 7 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வாரமாக விட்டுவிட்டு வயிற்றுவலி, சாப்பாடு குறைந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் வலப்பக்கம் இலியோகோலிக் செருகல் (சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்திருப்பது), அதன் நுனியில் 4 செ.மீ அளவுக்குக் கருத்த கட்டி, மெசென்டரியில் (குடலைத் தாங்கும் மடிப்பில்) சில நிணநீர்க்கணுக்கள், இடுப்புக்குழியில் கொஞ்சம் நீர். லிம்போமாவை (நிணநீர்ப் புற்றை) நினைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அடுத்த அடி என்ன என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. உடனே கான்ட்ராஸ்ட் சிடிக்கு அனுப்புவது சரியா? எனிமா ரிடக்‌ஷன் (ஆசனவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்திச் செருகலைத் தள்ளிவிடுவது) முயலலாமா? எம்ஆர்ஐ, பெட் எல்லாம் எந்தக் கட்டத்தில்? ரிப்போர்ட்டில் சிகிச்சை தருபவருக்கு உண்மையில் உதவுகிற தகவல் எது? குழந்தைகள் பிரிவில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

சின்னவயிறு எழுதியது:

சார், சிடிக்குப் போகும் முன் அந்த அல்ட்ராசவுண்டை முடித்துவிடுங்கள். முடிந்துவிட்டதாகத்தான் நினைப்போம், ஆனால் செருகல் தெரிந்தவுடன் ப்ரோபை எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. லிம்போமா சந்தேகம் வந்தால் இன்னும் 15 நிமிடம் அதே படுக்கையில் செலவழிக்க வேண்டும். மயக்கமருந்து வேண்டாம், வெறும் வயிறாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

முதலில் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் கான்வெக்ஸ் ப்ரோபால் வயிறு முழுவதும் ஒரு சுற்று. பிறகு 9 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான லீனியர் ப்ரோபால் மெதுவாக அழுத்தி அழுத்தி, இலியத்தின் கடைசிப் பகுதியிலிருந்து சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை. பேயர் திட்டுகள் (குடல் சுவரின் நிணநீர்த் திசு) அங்கேதான் அதிகம், பர்கிட் லிம்போமா (மிக வேகமாக வளரும் வகை) அந்த இடத்தில் தொடங்குவதற்குக் காரணமும் அதுதான். லிம்போமா ஏறிய குடல் சுவர் தடித்து, அடுக்குகள் அழிந்து, ஏறக்குறைய ஒரே கருப்பாக இருக்கும். ஆனால் உள்வழி குறுகாது, பல நேரம் விரிந்திருக்கும். தசை அடுக்கும் அதிலுள்ள நரம்புப் பின்னலும் அழிந்துபோவதால் சுவர் சுருங்க முடியாமல் வீங்கிக்கொடுக்கிறது. இவ்வளவு பெரிய கட்டி இருந்தும் அடைப்பு இல்லையே என்று தோன்றினால் லிம்போமா பக்கம் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: பர்கிட் கட்டி சில நேரம் நீர்க்கட்டி போலவே தெரியும். செல்கள் நெருக்கமாக, ஒரே சீராக இருப்பதால் எதிரொலி கிடைப்பதில்லை, பின்பக்கம் ஒளிர்வுகூட வரலாம். கெயினை ஏற்றுங்கள், கலர் டாப்ளர் போடுங்கள். உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் அது நீர் இல்லை.

கணுக்களைப் பற்றி. குழந்தையின் மெசென்டரியில் கணு தெரிவது மட்டும் நோய் இல்லை. குறுக்களவு 5 மி.மீ என்பது சாதாரணக் குழந்தைகளிலும் நிறையப் பார்க்கிறோம், அதனால் 8 மி.மீ என்ற எல்லையைத்தான் நான் பிடிப்பேன். அளவைவிட வடிவம் முக்கியம்: நீள்வட்டம் உருண்டையாகிவிட்டதா, நடுவிலுள்ள கொழுப்புக்கோடு மறைந்துவிட்டதா, பல கணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மெசென்டரி ரத்தக்குழாய்களை இருபுறமும் அணைத்து நிற்கின்றனவா. குழாய் நடுவில் நசுங்காமல் ஓடும். அதைத்தான் சாண்ட்விச் அடையாளம் என்கிறோம்.

அதன்பிறகு யாரும் கேட்காத இடங்கள்: இரண்டு சிறுநீரகம், கணையம், கல்லீரல், மண்ணீரல், ஓமென்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை), பெண்குழந்தை என்றால் இரண்டு சினைப்பை, பையன் என்றால் விதைப்பை. விதைப்பையை விட்டுவிட்டால் சிடி அதை ஈடுகட்டாது. மண்ணீரலின் நீளத்துக்குப் பெரியவர்களின் 13 செ.மீ எல்லையைப் போடாதீர்கள். 4 வயதில் 9, 6 வயதில் 9.5, 10 வயதில் 11 செ.மீ என்பதே மேல் எல்லை. கடைசியாக இரண்டு பக்க நுரையீரல் அடி. ப்ளூராவில் (நுரையீரல் உறையில்) நீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்பதை ஆன்காலஜி நண்பர் சொல்வார்.

தையல்நூல் எழுதியது:

எனிமா பற்றி அறுவை சிகிச்சைப் பக்கத்திலிருந்து.

3 மாதம் முதல் 3 வயது வரை வரும் செருகலுக்குப் பெரும்பாலும் காரணமான கட்டி எதுவும் இருக்காது, காற்றாலோ நீராலோ தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. 5 வயதுக்கு மேல் லீட் பாயின்ட் (செருகலை இழுத்துச் செல்லும் கட்டி) தேடாமல் விடக்கூடாது. மெக்கல் (பிறவியிலேயே உள்ள குடல் பை), பாலிப், டூப்ளிகேஷன் சிஸ்ட் எல்லாம் உண்டு, புற்று வகையில் முதலிடம் லிம்போமாவுக்கு. லீட் பாயின்ட் இருப்பதாலேயே எனிமா கூடாது என்று விதி கிடையாது. பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உறை அழற்சி), துளை, ஷாக் இந்த மூன்றும் இல்லையென்றால் முயலலாம். காற்று என்றால் 120 மி.மீ பாதரசத்தைத் தாண்டாதீர்கள். வெற்றி வாய்ப்பு சின்னக் குழந்தைகளைவிடக் குறைவு. சுவரில் கட்டி ஊடுருவியிருக்கும் என்பதை மறக்கவே கூடாது. 4 செ.மீ கட்டி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போது நான் எனிமாவுக்கு அவசரப்பட மாட்டேன்.

எனிமா வெற்றி பெற்றால்தான் உண்மையான ஆபத்து. எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். செருகல் விலகியபின் இலியோசீக்கல் வால்வைச் சுற்றி இன்னொரு முறை லீனியர் ப்ரோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். வால்வு வீக்கம் என்று எழுதப்பட்ட தடிப்பு கட்டியாக இருந்த கதைகள் இலக்கியத்தில் ஏராளம்.

அதேபோல எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. சிறுகுடலுக்குள் சிறுகுடல் செருகி, விட்டம் 2 செ.மீ அளவில், நடுவில் கொழுப்பு மட்டும், சுவர் மெலிதாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலகிவிடுகிற செருகலுக்கு லிம்போமா பயம் காட்டாதீர்கள். அது தற்காலிகமானது.

ரிப்போர்ட்டில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கட்டி குடலின் ஒரு துண்டோடு நிற்கிறதா, மெசென்டரி வேர்ப்பகுதி வரை போய்விட்டதா? ஒரு துண்டோடு நின்றால் முழுமையாக வெட்டியெடுக்கலாம், செயின்ட் ஜூட் நிலை நிர்ணய முறையில் இரண்டாம் நிலை. எல்எம்பி என்ற சிகிச்சைத் திட்டத்தின் வகைப்பாட்டில் ஏ பிரிவு, இரண்டே சுற்று மருந்தோடு முடியும். வேர்ப்பகுதிக்குப் போய்விட்டால் மூன்றாம் நிலை. அங்கே பெரிய அறுவை வெறும் தாமதம்தான். வயிற்றைத் திறந்து கட்டியைக் குறைத்துவிட்டால் நல்லது என்ற பழைய யோசனை பர்கிட்டுக்குப் பொருந்தாது. கீமோவில் கரையப்போகிற கட்டிக்காக ஆறாத தையலோடு குழந்தையைப் படுக்கவைக்கக் கூடாது.

வெள்ளணு எழுதியது:

ஆன்காலஜி பக்கம். பர்கிட் கட்டி 24 முதல் 48 மணி நேரத்தில் இரட்டிப்பாகக்கூடியது. அதனால் என் கேள்விகளின் வரிசை ரேடியாலஜியின் வரிசையிலிருந்து வேறுபடும்.

முதல் கேள்வி: குழந்தையைப் பத்திரமாக மல்லாக்கப் படுக்கவைக்க முடியுமா? மயக்கமருந்து என்ற பேச்சு எழும் முன் ஒரு மார்பு எக்ஸ்ரே. வயிற்றில்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மீடியாஸ்டினத்தில் (நெஞ்சின் நடுப்பகுதியில்) பெரிய கட்டி இருந்தால், படுத்த நிலையில் தசை தளர்ந்ததும் மூச்சுக்குழாய் அமுங்கிவிடும். டி-லிம்போபிளாஸ்டிக், ஹாட்ஜ்கின் ஆகிய லிம்போமா வகைகள் இரண்டிலும் இது நடக்கும். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று குழந்தையோ அம்மாவோ சொன்னால் அதுவே போதும், நிறுத்திவிட்டு மயக்கவியல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத்திணறலைப் பார்த்துப் பயந்து ஸ்டீராய்டு கொடுப்பதும் ஆபத்து. திசு எடுக்கும் முன் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே கட்டி உருமாறி நோயறிதல் குழம்பிப்போகும். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது: சிறுநீரகம் எப்படி இருக்கிறது? யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், கிரியாட்டினின், எல்டிஹெச். இவை கையில் இல்லாமல் கான்ட்ராஸ்ட் செலுத்த வேண்டாம். பெரிய கட்டி சிகிச்சை தொடங்கும் முன்பே சிதைய ஆரம்பித்து யூரிக் அமிலத்தை ஏற்றியிருக்கும். கிரியாட்டினின் ஏறியிருந்தால் அல்ட்ராசவுண்டோடு நிறுத்துங்கள், வேண்டுமென்றால் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ. பொட்டாசியம் சேர்க்காத திரவம், ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர், ஸ்கேன் அறைக்குப் போகும்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சிடிக்கு லைன் வேண்டும் என்று அந்தத் திரவத்தைக் கழற்றி இரண்டு மணி நேரம் வரிசையில் உட்காரவைப்பது நடக்கவே கூடாது.

மூன்றாவது: மிகச் சுலபமாகத் திசு கிடைக்கும் இடம் எது? சின்னவயிறு ப்ளூராவைப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். வயிற்றிலோ ப்ளூராவிலோ நீர் இருந்தால், அதை ஊசியால் எடுத்துச் சைட்டாலஜி, ஃப்ளோ சைட்டோமெட்ரி (உயிருள்ள செல்களின் வகையைப் பிரித்தறிவது), எம்ஒய்சி மரபணு இடமாற்றத்துக்கான ஃபிஷ் சோதனை மூன்றும் செய்துவிடலாம். எலும்பு மஜ்ஜையில் நோய் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். வயிற்றுக்குள் கத்தி வைக்க வேண்டிய அவசியமே வராது. இடுப்புக்குழியில் கொஞ்சம் நீர் என்று நீங்கள் சாதாரணமாக எழுதும் வரி எனக்குத் தங்கம். எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம், குடல் குறுக்கே வராமல் ஊசி போகுமா என்று சேர்த்து எழுதுங்கள்.

மில்லிகிரே எழுதியது:

சிடி டெக்னாலஜிஸ்ட். டாக்டருங்க சிடி வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணட்டும், வேணும்னு வந்தா எப்படி எடுக்கறதுன்னு சொல்றேன்.

ஒரே ஒரு கட்டம், போர்ட்டல் வீனஸ் (கல்லீரலுக்குப் போற சிரையில கான்ட்ராஸ்ட் நிரம்பற நேரம்). கான்ட்ராஸ்ட் இல்லாம ஒண்ணு, ஆர்ட்டீரியல் ஒண்ணு, டிலே ஒண்ணுன்னு பெரியவங்க புரோட்டோகால்ல போட்டுடாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் டோஸ் அப்படியே கூடும், லிம்போமாவுக்கு அதனால ஒரு தகவலும் கூடாது. மார்பையும் சேர்த்து எடுக்கணும்னா கழுத்துக் கீழிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டம்.

மி.லிக்கு 300 மில்லிகிராம் அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட், கிலோவுக்கு 1.5லிருந்து 2 மி.லி. 20 கிலோ குழந்தைக்கு 40 மி.லி வெச்சுக்கோங்க. 24 கேஜ் கேனுலான்னா நொடிக்கு 1லிருந்து 1.5 மி.லி, 22 கேஜ்னா 2 மி.லி வரைக்கும் போகலாம். ஊசி ஆரம்பிச்சதிலிருந்து 60 நொடி சுமாரா ஸ்கேன். இதுல எங்க தப்பு வரும்னா, மெதுவா செலுத்திட்டு டிலேயை மாத்தாம விடறது. 40 மி.லியை நொடிக்கு 1 மி.லின்னு செலுத்தினா 40 நொடி அதுலயே போயிடும், 50 நொடியில எடுத்தா போர்ட்டல் வெயின் பாதிதான் நிரம்பியிருக்கும், மண்ணீரல் வரிவரியா இருக்கும். அந்த வரிகளை நோய்னு படிச்சிடுவாங்க.

கேவி (எக்ஸ்ரே குழாயோட மின்னழுத்தம்): 40, 50 கிலோவுக்குக் கீழே 80, மெஷின் விட்டா 70. அதுக்கு மேல 100. 120க்கு இங்க வேலையே இல்லை. கேவி குறைஞ்சா அயோடின் இன்னும் பளிச்சுனு தெரியும், டோஸும் இறங்கும். படம் கொஞ்சம் குருணையா வரும், இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டு 3 மி.மீ தடிமன்ல பாருங்க. குழந்தையை கேன்ட்ரிக்கு நடுவுல சரியா வெச்சுட்டு அப்புறம் டோபோகிராம் (முன்னோட்டப் படம்) எடுக்கணும். மேலேயோ கீழேயோ தள்ளி வெச்சா ஆட்டோ எம்ஏ (டோஸைத் தானாக் கூட்டிக் குறைக்கிறது) வயிறு பெருசுன்னோ சின்னதுன்னோ தப்பாக் கணக்குப் போடும். கை ரெண்டும் தலைக்கு மேல.

இன்னொண்ணு. மானிட்டர்ல காட்டற சிடிடிஐ (டோஸ் அளவு) 32 செ.மீ பேன்டமுக்கா (டோஸ் அளக்கற மாதிரி உருளை) 16 செ.மீ பேன்டமுக்கான்னு பாருங்க. ஒரே ஸ்கேனுக்கு ரெண்டுலயும் எண் ஏறத்தாழ ரெண்டு மடங்கு மாறும். 32 செ.மீ பேன்டம் கணக்குல 3 மில்லிகிரேன்னு காட்டினா, 16 செ.மீ விட்டமுள்ள வயித்துக்கு உண்மையில 6 பக்கம் போகுது.

வாய்வழி கான்ட்ராஸ்ட்டுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேணாம். குடிக்க முடிஞ்சா தண்ணி, இல்லைன்னா அதுவும் வேணாம்.

நிழற்படம் எழுதியது:

நன்றி, இவ்வளவு தெளிவாக எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சிக்கல். காசநோய் உள்ள இடங்களில் இதே இலியோசீக்கல் தடிப்பு, கணுக்கள், நீர் என்று அப்படியே வருகிறதே? அதோடு சிறுநீரகத்தில் கட்டிகள் தெரிந்தால் வில்ம்ஸ் (குழந்தைகளின் சிறுநீரகப் புற்று) என்று எழுதிவிடும் பழக்கமும் இருக்கிறது.

சின்னவயிறு எழுதியது:

காசநோயும் லிம்போமாவும் படத்தில் முழுதாகப் பிரியாது, சாய்வு மட்டும் சொல்லலாம். காசநோய்க் கணுவின் நடு செத்து, சிடியில் விளிம்பு மட்டும் ஒளிரும், சுண்ணாம்பு படிந்திருக்கலாம். சிகிச்சைக்கு முந்தைய லிம்போமாக் கணு பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும், சுண்ணாம்பு அபூர்வம். காசநோயில் சீக்கம் சுருங்கி மேலே இழுபடும், உள்வழி குறுகும். லிம்போமாவில் நான் முன்பு சொன்ன விரிவு. காசநோய் நீரில் மெல்லிய இழைத்தடுப்புகள் அதிகம். ஆனால் இதை வைத்துக்கொண்டு காசநோய் மருந்து தொடங்கி ஆறு வாரம் பார்க்கலாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். பர்கிட் அந்த ஆறு வாரத்தைத் தராது. இரண்டுக்கும் திசு வேண்டும்.

சிறுநீரகம். வில்ம்ஸ் பொதுவாக 3, 4 வயதில், ஒரு பக்கம், ஒரே பெரிய கட்டி, உள்ளே ரத்தக்கசிவும் சிதைவும் கலந்து, மிச்சமுள்ள சிறுநீரகத் திசு அதை நகம்போல் கவ்வியிருக்கும். லிம்போமா இரண்டு பக்கமும் பல முடிச்சுகளாகவோ, சிறுநீரகம் முழுவதும் வடிவம் மாறாமல் வீங்கியோ வரும். அல்ட்ராசவுண்டில் கருமை, சிடியில் சுற்றியுள்ள புறணியைவிடக் குறைவாகவே கான்ட்ராஸ்ட் ஏறும். நெஃப்ரோபிளாஸ்டோமடோசிஸும் (சிறுநீரகத்தில் மிஞ்சிய கருநிலைத் திசு) சீராக, இரு பக்கமும் இருக்கும் என்பதால் குழப்பும். அங்கே முடிச்சுகள் விளிம்போரம் ஒட்டியிருக்கும், குழந்தையின் வயதும் குறைவு. வில்ம்ஸ் என்று தவறாக எழுதினால் சிறுநீரகத்தையே எடுத்துவிடும் அபாயம் உண்டு, அதனால் இந்த வரியில் நிதானம் வேண்டும்.

நியூரோபிளாஸ்டோமா (நரம்பு மூலச் செல் கட்டி): 5 வயதுக்குக் கீழ், சிடியில் பெரும்பாலும் சுண்ணாம்பு, அயோர்ட்டாவை முதுகெலும்பிலிருந்து தூக்கிவிடும். பதின்வயதுப் பையனுக்கு எந்த உறுப்பிலிருந்தும் கிளம்பாத பெரிட்டோனியக் கட்டிகள் என்றால் டெஸ்மோபிளாஸ்டிக் சிறு உருண்டைச் செல் கட்டியையும் பட்டியலில் வையுங்கள். குடல்வால் 15 மி.மீக்கு மேல் பருத்து, சுற்றியுள்ள கொழுப்பு அந்த அளவுக்கு அழற்சி காட்டவில்லை என்றால், குடல்வால் அழற்சி என்று எழுதும் முன் ஒரு கணம் நில்லுங்கள்.

காந்தப்புலம் எழுதியது:

யாரும் எம்ஆர்ஐ பக்கம் வரவில்லையே! கதிர்வீச்சு கிடையாது, டிஃப்யூஷனில் (நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படத்தில்) பர்கிட் கட்டி விளக்குப்போல் எரியும், அந்த நகர்வை அளக்கும் ஏடிசி வரைபடத்தில் கரும்பள்ளமாக இருக்கும். செல் நெருக்கம் அப்படி. பி மதிப்பு 50, 800 என்று இரண்டு போதும். கூடவே ஆக்ஸியல், கரோனல் டி2, கொழுப்பு அடக்கிய ஒன்று. சிறுநீரக நோய், சினைப்பை, எலும்பு மஜ்ஜை இவற்றில் சிடியைவிடத் தெளிவு. கடோலினியம் கிலோவுக்கு 0.1 மில்லிமோல், மேக்ரோசைக்ளிக் வகை.

தடுக்கி விழும் இடங்கள்: இயல்பான கணுவும் இயல்பான மண்ணீரலும் டிஃப்யூஷனில் ஒளிரும்தான். ஒளிர்ந்ததெல்லாம் நோய் என்றால் ஒவ்வொரு குழந்தையும் நான்காம் நிலைக்குப் போய்விடும். சீக்கத்தில் காற்று இருந்தால் படம் அங்கே நெளியும், நமக்கு வேண்டிய இடமே அதுதான். குடல் அசைவைக் குறைக்க ஹயோசின் பியூட்டைல் புரோமைடு கொடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளணு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் டாக்டர், ஆனால் 40 நிமிடம் அசையாமல் படுக்க 5 வயதுக் குழந்தைக்கு மயக்கமருந்து வேண்டும், வயிறு முட்டிய நிலையில் மயக்கமருந்துதான் எனக்குப் பயம். சிடி சில நொடி. முதல் நிலை நிர்ணயத்தில் மயக்கமருந்து தேவைப்படும் எம்ஆர்ஐக்காக ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒத்துழைக்கும் 10 வயதுக் குழந்தை, எம்ஆர்ஐ அன்றே கிடைக்கிறது என்றால் தாராளமாக. தொடர் பரிசோதனைகளிலும் உங்கள் கட்சிதான். தலையிலோ முதுகுத்தண்டிலோ நரம்பு அறிகுறி இருந்தால் அதற்கு எம்ஆர்ஐ தவிர வேறில்லை.

காந்தப்புலம் எழுதியது:

அந்த வரையறைக்குள் சரி.

அரைவாழ்வு எழுதியது:

பெட்-சிடி பற்றி, அணு மருத்துவத்திலிருந்து. ஹாட்ஜ்கின் என்றால் முதலிலேயே கட்டாயம். மண்ணீரலில் நோய் இருக்கிறதா என்பதை அளவு சொல்லாது, எஃப்டிஜி (பெட்டுக்குச் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரை) சொல்லும். எலும்பு மஜ்ஜைக்கும் அப்படியே. சிகிச்சைக்கு நடுவே எடுக்கும் இடைக்கால பெட்டில், கட்டி எஃப்டிஜியை எவ்வளவு ஏற்கிறது என்பதற்கு டோவில் அளவுகோல்: 1 ஏற்பே இல்லை, 2 மீடியாஸ்டின ரத்த அளவு வரை, 3 அதற்கு மேல் ஆனால் கல்லீரல் வரை, 4 கல்லீரலைவிட மிதமாக அதிகம், 5 மிக அதிகம் அல்லது புதிய இடம்.

பர்கிட்டில் என் நிலைப்பாடு: கிடைத்தால் நல்லது, அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பெட் எடுத்தாலும் மஜ்ஜை, தண்டுவட நீர்ப் பரிசோதனைகளை விட முடியாது.

நடைமுறை: 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழ். மறந்துபோவது எது தெரியுமா? ட்ரிப்பில் ஓடும் டெக்ஸ்ட்ரோஸ். அதிக நீரேற்றத்தில் இருக்கும் லிம்போமாக் குழந்தைக்கு அது நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும். இன்சுலின் ஏறி எஃப்டிஜி எல்லாம் தசைக்குப் போய்விடும். சிகிச்சைக் குழுவிடம் கேட்டு முன்கூட்டியே டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத திரவத்துக்கு மாற்றுங்கள். எஃப்டிஜி கிலோவுக்கு 3.7 முதல் 5.2 மெகாபெக்கரல், குறைந்தது 26. மருந்து ஏற்றுவதற்கு அரை மணி முன்பிலிருந்தே அறை கதகதப்பாக இருக்கட்டும், போர்வை கொடுங்கள். குளிர்ந்தால் கழுத்திலும் சிறுநீரக மேல்பகுதியிலும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து கணுப்போல ஏமாற்றும். 60 நிமிடம் கழித்து ஸ்கேன், அதற்கு முன் சிறுநீர் கழிக்கவைக்க வேண்டும்.

கீமோ முடித்து 3 வாரமாவது போகட்டும். ஜி-சிஎஸ்எஃப் (வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி) போட்டிருந்தால் மஜ்ஜையும் மண்ணீரலும் முழுக்கச் சீராக ஒளிரும், அது நோய் அல்ல. தைமஸ் மீண்டும் வளர்வதும் அப்படித்தான். பர்கிட்டில் சிகிச்சைக்குப்பின் மிச்சக் கட்டி பெட்டில் இருட்டாக இருந்தால் அதை நம்பலாம். ஒளிர்ந்தால் நம்பாதீர்கள், அழற்சியும் செத்த திசுவைச் சுற்றிய செல்களும் அதே ஒளியைத் தரும். ஒளிர்கிற மிச்சத்துக்குப் பதில் இன்னொரு பெட் அல்ல, பயாப்சி.

நிழற்படம் எழுதியது:

பயாப்சி என்றதும் கேட்கத் தோன்றுகிறது. நீர் இல்லை, மஜ்ஜையும் சுத்தம், அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் எத்தனை துண்டு, எதில் போட்டு அனுப்ப வேண்டும்? லேபிலிருந்து போதாது என்று திரும்பி வருவதுதான் பெரிய தலைவலி.

கோஆக்ஸியல் எழுதியது:

பெரும்பாலும் திரும்பி வருவது துண்டு குறைந்ததால் அல்ல, எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டதால். ஃபார்மலினில் விழுந்த செல் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குச் செத்ததற்குச் சமம். தொடங்கும் முன்பே நேரத்தை நோயியல் ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மாலை 6 மணிக்கு எடுத்த புதிய திசு காலைவரை மேசையில் கிடந்தால் பயனில்லை.

பிளேட்லெட் 50,000க்கு மேல், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேர அளவு) 1.5க்குக் கீழ். 17 கேஜ் கோஆக்ஸியல் ஊசியை ஒருமுறை கட்டியின் விளிம்பில் நிறுத்தி, அதற்குள்ளேயே 18 கேஜ் கோர் ஊசியைக் கோணம் மாற்றி மாற்றி 5, 6 துண்டு. பெரிட்டோனியத்தைக் குத்துவது ஒரே தடவைதான். பெரிய கட்டியின் நட்ட நடுவைக் குறிவைக்காதீர்கள், அங்கே செத்த திசுதான் வரும். டாப்ளரில் ஓட்டம் தெரியும் ஓரப்பகுதியை எடுங்கள். ப்ரோபால் அழுத்தினால் குறுக்கே இருக்கும் குடல் நகர்ந்து வழி விடும், தோலிலிருந்து கட்டிக்கான தூரமும் குறையும். தடித்த குடல் சுவரையே குத்த வேண்டாம், பக்கத்துக் கணுவோ ஓமென்டமோ இருந்தால் அதுவே போதும்.

முதல் துண்டைக் கண்ணாடித் தகட்டில் லேசாக ஒற்றி எடுத்து உலரவிடுங்கள், நீலச் சைட்டோபிளாசமும் குமிழ்களும் தெரிந்தால் பர்கிட் என்று அப்போதே ஊகிக்கலாம். இரண்டு துண்டு சலைனிலோ ஆர்பிஎம்ஐ ஊடகத்திலோ ஃப்ளோவுக்கும் மரபணுச் சோதனைக்கும். மீதி ஃபார்மலின். உலர்ந்த காஸ் துணியில் வைத்தால் துண்டின் ஓரம் காய்ந்து நசுங்கும், அதைச் செய்யவே வேண்டாம்.

வெள்ளணு எழுதியது:

சிகிச்சை தொடங்கிய பின் வரும் ஸ்கேன்களையும் பேசிவிடலாம், அங்கேதான் ரிப்போர்ட்டில் அதிகக் குழப்பம்.

எல்எம்பி முறையில் முதல் வாரம் சிஓபி என்ற மென்மையான சுற்று. 7ஆம் நாள் கட்டி 20 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் குழந்தை கனமான சி பிரிவுச் சிகிச்சைக்கு மாறும். அந்த ஒரு எண்ணுக்காக அல்ட்ராசவுண்ட் போதும், ஆனால் முதல் நாளும் 7ஆம் நாளும் ஒரே திசையில், ஒரே கட்டியை, மூன்று அளவிலும் அளந்திருக்க வேண்டும். முதல் நாள் சிடியில் அளந்துவிட்டு 7ஆம் நாள் அல்ட்ராசவுண்டில் ஒப்பிட்டால் அந்த 20 சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. சிடி எடுத்த அன்றே அல்ட்ராசவுண்டிலும் அளந்து படத்தோடு சேமித்துவையுங்கள்.

சிகிச்சைக்கு நடுவே காய்ச்சல், வலது கீழ்வயிற்று வலி, நியூட்ரோஃபில் 500க்குக் கீழ் என்றால் முதலில் நினைக்க வேண்டியது டிஃப்லைட்டிஸ் (நியூட்ரோஃபில் குறைந்தபோது வரும் சீக்க அழற்சி), நோய் திரும்பியதை அல்ல. சீக்கச் சுவர் 3 மி.மீக்கு மேல் தடித்து, அடுக்குகள் வீங்கியிருந்தாலும் பிரிந்து தெரியும். கட்டியில் அடுக்கே இருக்காது. எனிமா, மலக்குடல் வழி எதுவும் கூடாது. குடல் சுவரில் காற்று தெரிகிறதா என்பதை எழுதுங்கள்.

தையல்நூல் எழுதியது:

துளை விழுவதும் இதே காலத்தில்தான். முழுச் சுவரையும் கட்டி பிடித்திருந்தால் கீமோ தொடங்கிய முதல் சில நாட்களில் கட்டி கரைந்து சுவரில் ஓட்டை விழும். நியூட்ரோஃபில் இல்லாத குழந்தைக்கு வயிறு விறைக்காமலே இருக்கலாம், ஸ்டீராய்டும் சேர்ந்து மறைக்கும். எழுந்து நிற்க முடியாத குழந்தைக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிடைமட்டக் கதிரில் ஒரு எக்ஸ்ரே. கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே காற்று தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள், டைப் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் தீராவிட்டால்தான் சிடி.

நிழற்படம் எழுதியது:

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்தும் மெசென்டரியில் 2 செ.மீ மிச்சம் தெரிகிறது என்றால் எப்படி எழுதுவது? மிச்ச நோய் என்று எழுதலாமா?

சின்னவயிறு எழுதியது:

அப்படி எழுதாதீர்கள், நார்த்திசு மட்டும் மிஞ்சுவது சகஜம். 2015இல் வந்த சர்வதேசக் குழந்தைகள் நான்-ஹாட்ஜ்கின் மறுமொழி அளவுகோலிலேயே இதற்கு இடம் இருக்கிறது: மிச்சம் இருந்து பயாப்சியில் நோய் இல்லை என்றால் ஒரு வகை, மிச்சம் பெட்டில் இருட்டாக இருந்தால் இன்னொரு வகை, இரண்டும் முழு மறுமொழிக்குள் வருபவை. நம் வேலை மூன்று அளவையும் முந்தைய தேதியோடு எழுதுவது, சுண்ணாம்பு வந்திருக்கிறதா, டாப்ளரில் ஓட்டம் உண்டா, டிஃப்யூஷன் எப்படி என்று சொல்வது, பெட் இல்லையென்றால் அதைக் கேட்பது. 4 முதல் 6 வாரத்தில் அதே ப்ரோப், அதே அமைப்பில் மறுபடி அளந்தால் போதும், குறைந்துகொண்டே போவது நார்த்திசுவின் போக்கு.

வெள்ளணு எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும் டாக்டர். பெட் ஒளிர்ந்தாலோ, மிச்சம் கொஞ்சமாவது வளர்ந்தாலோ 4 வாரம் காத்திருக்க முடியாது, அந்த வாரமே பயாப்சி. பர்கிட் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் திரும்பிவிடும், திரும்பினால் மீட்பது கடினம். முதல் ஆண்டு தாண்டியபின் அறிகுறியே இல்லாத குழந்தைக்கு 3 மாதத்துக்கொரு சிடி எழுதிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அல்ட்ராசவுண்டும் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் போதும்.